‘சைக்கிள் உதிரி பாகம்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 26 வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிய பிறகும் இங்குள்ள கடைகளில் வெளிநாட்டு பிரேக்கும் கியரும் ஏறக்குறைய பழைய விலைக்கே விற்கிறார்கள், இது பகல் கொள்ளை என்று எழுதியிருந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி குறைந்தது உண்மை, குறைந்ததை வாடிக்கையாளருக்குக் கொடுக்காத கடைகள் இருப்பதும் உண்மை. ஆனால் வெளிநாட்டுச் சரக்கின் விலையைத் தீர்மானிப்பது ஜி.எஸ்.டி. மட்டும் இல்லை. அதற்கு முன்னால் சுங்கத்தில் இரண்டு கேள்வி கேட்பார்கள்: இது என்ன பொருள், இது எந்த நாட்டில் பிறந்தது. இந்த இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதத் தெரியாமல் எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் இழக்கும் பணமும் கடைசியில் விலையில்தான் போய்ச் சேர்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இங்கே வந்து இறங்கும் மதிப்பு, அதாவது பொருள் விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 1000 ரூபாய் என்று வையுங்கள். அடிப்படை சுங்க வரி கணக்குக்காக 20 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 200 ரூபாய். அந்த 200-க்கு மேல் 10 சதவீதம் சமூக நல கூடுதல் வரி, 20 ரூபாய். ஆக 1220. ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி., இந்த 1220-க்கு மேல்தான் போடுவார்கள், 1000-க்கு மேல் இல்லை. பழைய 12 சதவீதத்தில் அது 146 ரூபாய் 40 காசு, புதிய 5 சதவீதத்தில் 61 ரூபாய். வித்தியாசம் 85 ரூபாய் 40 காசு. மொத்தத்தில் 1366 ரூபாய் 40 காசு ஆன பொருள் இப்போது 1281 ஆகிறது. அந்த 85 ரூபாயை நான் குறைத்துவிட்டேன், என் பில் புத்தகம் சாட்சி. மேலே இருக்கும் 220 அப்படியே நிற்கிறது. டாலர் ஏறினால் அந்த 1000 ரூபாயே 1000 ஆக இருக்காது.

சரி, நம் ஊருக்கு வெளிநாட்டு பாகம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். என் கடையில் பெரும்பாலான வேலை லூதியானா சரக்கில்தான் நடக்கிறது. பால்காரர் சைக்கிளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் பஞ்சர் ஒட்ட, கோட்டம் எடுக்க, ஓவராயில் செய்ய ஜப்பானிலிருந்து எதுவும் வர வேண்டாம். ஆனால் இது புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழைய சைக்கிளைப் பேரன் வரைக்கும் பாதுகாத்து வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அந்த சைக்கிளின் பி.பி. கப், அதாவது பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணம், அதன் மரை 35 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் வலது மரை. நம் சைக்கிள்களில் இருப்பது ஆங்கிலேய அளவு, அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கம் இடது மரை. ஒன்றுக்கு ஒன்று சேராது, அடித்து ஏற்றினால் பிரேம் போச்சு. அப்புறம் ஆரோவில், குயிலாப்பாளையம் பக்கமிருந்து டிஸ்க் பிரேக்கும் பின்னால் பத்து, பதினோரு பல்சக்கர அடுக்குமாக வரும் சைக்கிள்கள், காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை மிதித்துவிட்டு வரும் நம் பையன்கள், பெண்கள். இவர்களுக்காகத்தான் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வெளியிலிருந்து சரக்கு எடுக்கிறேன்.

போன வருடம் அப்படி எடுத்த சரக்கில் நடந்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஒரு வியாபாரி. நல்ல மனிதர், விலையும் நியாயம். ஹப் (சக்கரத்தின் நடு உருளை), பிரேக், செயின், டயர், டியூப், மணி, முன் விளக்கு, கைப்பம்பு, கொஞ்சம் போல்ட் நட்டு எல்லாம் இரண்டு பெட்டி. அவர் அனுப்பிய இன்வாய்ஸில் ஒரே ஒரு வரி: ‘சைக்கிள் உதிரி பாகங்கள், பிறப்பிடம் சிங்கப்பூர்’. மொத்தத் தொகை. சுங்க வேலையைப் பார்க்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் அதை அப்படியே எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே சுங்க எண்ணைப் போட்டு, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டார். நானும் படித்துப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஹப்பில் ‘மேட் இன் சைனா’ என்று பொறித்திருக்கிறது, பிரேக் அட்டையில் மலேசியா, டயரின் பக்கச் சுவரில் தாய்லாந்து. சிங்கப்பூரில் செய்தது என்று காட்ட அந்த இரண்டு பெட்டியில் எதுவும் இல்லை. அதன் பிறகு கேள்வி, பதில் கடிதம், பொருள்வாரி விலைப் பட்டியல் கேட்டு சிங்கப்பூருக்கு மெயில், 23 நாள் ஓடிவிட்டது. சரக்கு எடுக்காமல் கிடந்ததற்கான டெமரேஜ் கட்டணம் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். வித்தியாச வரி, வட்டி, அபராதம் தனி. அதிகாரிகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2011 முதல் நம் நாட்டில் சுய மதிப்பீடுதான், வரியை இறக்குமதி செய்பவரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் பொறுப்பும் அவருடையதே. ஏஜென்ட் எழுதினார் என்று நான் தப்பிக்க முடியாது.

அந்த 23 நாளில்தான் உட்கார்ந்து சுங்க அட்டவணையை, அதாவது எந்தப் பொருளுக்கு எந்த எண், எவ்வளவு வரி என்று சொல்லும் புத்தகத்தைப் படித்தேன். படித்தால் புரியாத விஷயம் இல்லை. உலக சுங்க அமைப்பு வகுத்த முறை, 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது, முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு இலக்கம் சேர்த்துக்கொள்கிறது, நாம் இரண்டு சேர்த்து எட்டு இலக்கம் வைத்திருக்கிறோம். முழு சைக்கிள் 8712. பாகங்கள் 8714. அந்த 8714-க்குள்ளேயே வீடு வீடாகப் பிரித்திருக்கிறார்கள்: பிரேமும் போர்க்கும் 8714 91, ரிம்மும் ஸ்போக்ஸும் 92, ஹப்பும் பிரீவீலும் 93, பிரேக்கும் அதன் பாகங்களும் 94, சீட் 95, பெடலும் கிராங்கும் 96, மீதி 99. இதில் 93-ல் ஒரு நுணுக்கம் உண்டு. பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் கோஸ்டர் ஹப் இருக்கிறதே, அது பெயருக்கு ஹப் என்றாலும் 93-ல் வராது, 94-ல் பிரேக்கோடு போய்விடும். வேலையைப் பார்த்துத்தான் எண்.

ஆனால் சைக்கிளில் மாட்டுகிற எல்லாமே 8714 இல்லை. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். டயர் ரப்பர் அத்தியாயத்தில் 4011 50, டியூப் 4013 20. மணி 8306. கைப்பம்பு 8414 20. சைக்கிள் விளக்கு 8512 10. பூட்டு 8301. ஹெல்மெட் 6506. போல்ட், நட்டு, ஸ்குரூ சைக்கிளுக்கென்றே செய்து வந்திருந்தாலும் 7318, ஏனென்றால் பொதுவாக எந்த இயந்திரத்திலும் பயன்படும் சாமானை வண்டி பாகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தப் பிரிவின் முகப்புக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பேரிங்கும் அப்படித்தான், 8482. ஆக, பெட்டி ஒன்று, எண் ஒன்பது பத்து. ஒவ்வொன்றுக்கும் வரி வேறாக இருக்கலாம். ஜி.எஸ்.டி. குறைந்தது என்று நாம் பேசும்போது அது அந்தந்த எண்ணைப் பார்த்துத்தான், சைக்கிளோடு சேர்ந்த சாமான் என்பதற்காக ஹெல்மெட்டும் பூட்டும் அதோடு சேர்ந்து குறைந்துவிடாது. உங்கள் வாசகர் இதை யோசித்திருக்க மாட்டார், குற்றம் சொல்லவில்லை, நானே யோசித்ததில்லை.

செயின் கதை தனி. வெளிநாட்டு வியாபாரி பலரும் செயினுக்கு 7315 11 என்று எழுதி அனுப்புவார்கள், இரும்புச் சாமான் அத்தியாயத்தில் ரோலர் செயின். அமெரிக்க அட்டவணையில் சைக்கிள் செயினுக்கு அங்கேதான் இடம். நம் அட்டவணையில் 8714 99 10 என்று எட்டு இலக்கத்தில் சைக்கிள் செயினுக்கென்றே பெயர் சொல்லித் தனி எண் இருக்கிறது. அவர்கள் எழுதியதை அப்படியே பார்த்து எழுதினால் இங்கே வந்து முட்டும். அவர்கள் எண்ணை ஒரு தகவலாக வாங்கிக்கொண்டு நம் புத்தகத்தைத் திறந்து நாமே சரிபார்க்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லித் தர ஆள் இருந்திருந்தால் அந்த 23 நாள் மிச்சம்.

இன்னொன்று, கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சிலர் செய்வது. முழு சைக்கிளுக்கு வரி அதிகம், 2023 பட்ஜெட்டில் அடிப்படை சுங்க வரியை 30-லிருந்து 35 சதவீதம் ஆக்கியிருந்தார்கள். அதனால் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு ‘பாகங்கள்’ என்று கொண்டுவந்தால் தப்பிக்கலாம் என்று ஒரு பேச்சு கடைகளில் அடிக்கடி நடக்கும். நடக்காது. அட்டவணையின் பொது விதிகளில் இரண்டாவது விதியே இதற்குத்தான் இருக்கிறது: கழற்றி வந்தாலும், ஒன்றிரண்டு சாமான் குறைந்து வந்தாலும், முழுப் பொருளின் முக்கியத் தன்மை அதில் இருந்தால் அது முழுப் பொருள்தான். பிரேம், போர்க், இரண்டு சக்கரம், கிராங்க் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் சீட்டும் பெடலும் இல்லாவிட்டாலும் அது சைக்கிள். தயவுசெய்து யாரும் இதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

இனி பிறப்பிடம். இதில் எங்கள் தொழிலில் இருப்பவர்களே குழம்புகிறோம். பில் எந்த ஊரிலிருந்து வந்ததோ அது பிறப்பிடம் இல்லை. கப்பல் எந்தத் துறைமுகத்தில் கிளம்பியதோ அதுவும் இல்லை. கம்பெனி எந்த நாட்டுடையது என்பதும் இல்லை. ஷிமானோ ஜப்பான் கம்பெனி, 1921-ல் சகாய் என்ற ஊரில் தொடங்கியது, ஆனால் அவர்களுக்கு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனாவிலும் தொழிற்சாலை இருக்கிறது. மலேசியாவில் செய்த பிரேக் மலேசியப் பிரேக்தான். பாகத்தின் மேலேயே பொறித்திருப்பார்கள், அட்டையிலும் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் போதும். ‘ஜப்பான் சரக்கு சார்’ என்று சொல்லி மலேசியப் பிரேக்கை விற்பது நம் ஊரில் ரொம்ப சாதாரணமாகிவிட்டது, அது எனக்கு வேதனை, ஏனென்றால் அந்த மலேசியப் பிரேக் நல்ல பிரேக், பொய் சொல்லி விற்க வேண்டிய தேவையே இல்லை.

பிறப்பிடம் ஏன் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால், ஒப்பந்தம் இருக்கும் நாட்டுச் சரக்குக்கு வரிச் சலுகை கிடைக்கலாம். ஆசியான், அதாவது தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்போடு நமக்குள்ள ஒப்பந்தம் 2010 முதல் நடக்கிறது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு சலுகை என்பதற்குப் பட்டியல் உண்டு, எல்லாவற்றுக்கும் கிடைக்காது. கிடைக்கும் பொருளுக்கும் நிபந்தனை இருக்கிறது. அந்த நாடுகளில் குறைந்தது 35 சதவீத மதிப்பு சேர்ந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து வாங்கிய மூலப்பொருளின் எண்ணும் செய்து முடித்த பொருளின் எண்ணும் ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். பாருங்கள், பிறப்பிடத்தை முடிவு செய்யவும் அந்த எண்தான் வேண்டியிருக்கிறது. ரிம்மும் ஸ்போக்ஸும் 8714 92, ஹப் 93, மூன்றையும் கோத்து சக்கரமாக்கினால் 99. எண் மாறிவிட்டது. அது மட்டும் போதாது, 35 சதவீதக் கணக்கும் தேற வேண்டும். சீன ஹப்பை சிங்கப்பூரில் வேறு அட்டைப்பெட்டிக்குள் போட்டால் எண்ணும் மாறவில்லை, மதிப்பும் ஏறவில்லை, அது சீன ஹப்பாகவே வந்து இறங்குகிறது. என் வியாபாரி ‘சிங்கப்பூர் பில் இருக்கிறது, ஆசியான் சலுகை கேளுங்கள்’ என்று சொன்னபோது நானும் நம்பினேன். அதற்கென்று உள்ள சான்றிதழ் இல்லாமல், சரக்கு நேராக அங்கிருந்து வந்தது என்று காட்டாமல், அதைக் கேட்கவே கூடாது.

சான்றிதழ் இருந்தாலும் இப்போது கதை முடிவதில்லை. 2020 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் அமலில் இருக்கின்றன, சுருக்கமாக காரோட்டார் என்பார்கள். சலுகை கேட்கும் இறக்குமதியாளர் அந்தப் பொருள் எப்படி அந்த நாட்டில் பிறந்தது என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம் பத்திரப்படுத்த வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு கோப்பு. முத்தியால்பேட்டை கடைக்காரனுக்கு, மலேசியத் தொழிற்சாலையில் மூலப்பொருள் எங்கிருந்து வாங்கினார்கள் என்று எப்படித் தெரியும்? ஆகவே நான் எடுத்த முடிவு, சரியான ஆவணம் வராவிட்டால் சலுகையே கேட்காமல் முழு வரி கட்டிவிடுவது. விலை கொஞ்சம் கூடும், தூக்கம் வரும்.

இந்தப் பிறப்பிட விவகாரம் நமக்கு மட்டும் வந்ததில்லை. ஐரோப்பிய யூனியன் சீன சைக்கிள்களுக்கு 1993-லேயே குவிப்புத் தடுப்பு வரி, அதாவது மிகக் குறைந்த விலையில் சரக்கைக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி போட்டது, பின்னால் அது 48.5 சதவீதம் வரை போனது. வியாபாரிகள் முழு சைக்கிளை விட்டுவிட்டு பாகமாக அனுப்பி ஐரோப்பாவில் கோத்தார்கள், அதனால் 1997-ல் முக்கியமான பாகங்களுக்கும் வரியை நீட்டினார்கள். அப்புறம் மற்ற நாடுகள் வழியாக வந்தது, 2013-ல் இந்தோனேசியா, மலேசியா, துனிசியாவோடு நம் பக்கத்து இலங்கையிலிருந்து போகும் சைக்கிளுக்கும் நீட்டிவிட்டார்கள். இலங்கையிலேயே உண்மையாகச் செய்கிறோம் என்று நிரூபித்த தொழிற்சாலைகளுக்குத்தான் விலக்கு. நிரூபிக்கக் கையில் தாள் இருந்தவர் பிழைத்தார்.

நேரடியாக இணையத்தில் ஒரு பிரேக்கோ கியரோ தருவித்துக்கொள்ளும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருளுக்கு 9804 என்று தனித் தலைப்பு இருக்கிறது, அதற்கு விகிதம் தனி, கடைக்காரர் கட்டும் வரியை வைத்து உங்கள் பார்சலைக் கணக்குப் போடாதீர்கள். ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், 2019 டிசம்பரிலேயே அந்த வழியை ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

இப்போது நான் கேட்பது. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர்களே, வெளியே சரக்கு எடுக்கும்போது பொருள்வாரி இன்வாய்ஸ் வராமல் பணம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் பொருளின் பெயர், எந்த உலோகம், எண்ணிக்கை, விலை, எந்த நாட்டில் செய்தது, இவ்வளவும் இருக்க வேண்டும். சிங்கப்பூர் வியாபாரி முதலில் முணுமுணுத்தார், இப்போது அவரே அப்படித்தான் அனுப்புகிறார். ஏஜென்ட் போடும் பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்வதற்கு முன்னால் வாங்கிப் படியுங்கள். இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர் முகவரி, எம்.ஆர்.பி., பிறப்பிட நாடு எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி, அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு விற்பதை நிறுத்துங்கள். வாடிக்கையாளர்களும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கேட்டால் எங்களுக்குக் கோபம் வரக் கூடாது.

சுங்கத் துறைக்கும் வணிகர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எனக்குக் கிடைத்த அட்டவணை ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் பத்தாம் வகுப்பு, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். சைக்கிள் மாதிரி சின்னத் தொழிலுக்கு வேண்டிய இருபது முப்பது எண்ணைத் தமிழில், கடைக்காரர் புழங்கும் பெயரோடு, ஹப் என்றால் ஹப் என்றே போட்டு, ஒரு தாளாக அச்சடித்துக் கொடுங்கள். எது எந்த எண் என்று சந்தேகம் வந்தால் சரக்கு எடுக்கும் முன்பே முன்கூட்டித் தீர்ப்பு வாங்கும் அமைப்பு டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. ஒரு தனிக் கடைக்காரன் பத்து ஹப்புக்காக அங்கே போய் நிற்க முடியாது, ஆனால் சங்கத்து உறுப்பினர் ஒருவர் பெயரில் எல்லோருமாகச் செலவைப் பங்கு போட்டுக் கேட்கலாம், பதில் வந்தால் எல்லோருக்கும் வழி தெரியும். வருடத்துக்கு ஒரு நாள் புதுச்சேரியில் ஒரு கூட்டம் போட்டு அதிகாரி ஒருவர் தமிழில் பேசினால் நான் கடையை மூடிவிட்டு வந்து முன் வரிசையில் உட்காருகிறேன்.

அது வரைக்கும், நான் என் உபயோகத்துக்கு எழுதிய பட்டியலை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், இடது பக்கம் பாகத்தின் பெயர், வலது பக்கம் எண். பட்ஜெட்டுக்குப் பிறகு ஒருமுறை சரிபார்த்துத் திருத்துவேன். உங்கள் நாளிதழ் அதை வெளியிட விரும்பினால் பிரதி எடுத்துத் தருகிறேன். பகல் கொள்ளை என்று எழுதிய வாசகர் ஒருமுறை கடைக்கு வந்தால் என் கொள்முதல் பில்லையும் காட்டுகிறேன், விற்ற பில்லையும் காட்டுகிறேன். மதியம் ஒன்றரை முதல் நாலு வரை கடை மூடியிருக்கும், மற்ற நேரம் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி